கப்பலுக்குப் பெயர் கொடுத்துவிட்டுக் காத்திருந்தவர்கள்

2020 ஏப்ரல் 6 ஆம் திகதி எம்.எஸ்.சி. மக்னிபிக்கா என்ற உல்லாசப் பயணக் கப்பல் எரிபொருள் நிரப்புவதற்காகக் கொழும்புத் துறைமுகத்துக்கு வந்தது. ஜனவரியில் இத்தாலியிலிருந்து உலகைச் சுற்றப் புறப்பட்ட கப்பல் அது. இடையில் கொரோனா பரவ, துறைமுகங்கள் ஒன்றன்பின் ஒன்றாக மூடப்பட்டன. ஆயிரத்துக்கும் அதிகமான பயணிகள் பார்க்கக் காசு கட்டிய ஊர்களையெல்லாம் தூரத்தில் இருந்துகூடப் பார்க்காமல் கடந்து வந்திருந்தார்கள். கொழும்பிலும் பயணிகள் எவரும் கரையில் உலாவ இறங்கவில்லை. இரண்டே பேர்தான் இறக்கப்பட்டார்கள். ஒருவர் மருத்துவமனைக்குக் கொண்டு செல்லப்பட்ட ஜெர்மனிய மூதாட்டி. மற்றவர் அந்தக் கப்பலில் வேலை செய்த இலங்கையர். "என்னை என் நாட்டில் இறக்கிவிடுங்கள்" என்று சமூக வலைத்தளத்தில் காணொளி போட்டுக் கேட்ட பிறகுதான் அவருக்கு அனுமதி கிடைத்தது. அதே மாதம் 20 ஆம் திகதி கப்பல் பிரான்சின் மார்செய் துறைமுகத்தை அடைந்தது.

மட்டக்குளி காக்கைத்தீவுக் கடற்கரையில் நின்றால், துறைமுகத்துக்குள் நுழைய முறை பார்த்து நிற்கும் கப்பல்களைக் காணலாம். அந்த ஏப்ரலில் ஊரடங்கு காரணமாகக் கடற்கரைக்குப் போக முடியவில்லை. செய்தியை வீட்டில் இருந்து வாசித்தபோது எனக்கு ஒன்று தோன்றியது: உல்லாசப் பயணிகளுக்கு இது வாழ்நாளில் ஒருமுறை வந்த இடர். எங்கள் பக்கத்தில் கப்பலுக்குப் பெயர் கொடுத்துவிட்டு, கப்பல் எப்போது ஓடும் என்று தெரியாமல் இருப்பது ஒரு தலைமுறையின் வழக்கமாகவே இருந்தது. அரசாங்கம் ஓர் இரவில் பாதையை மூடினால் பயணிக்கு என்ன ஆகிறது என்பதை இந்த நாட்டில் மற்றவர்களைவிட நாங்கள் நன்கு அறிவோம். அதை ஓரிடத்தில் எழுதி வைப்பது பயன்படும் என்பதால் இந்தக் கட்டுரை.

2006 ஓகஸ்ட் 11 ஆம் திகதியில் இருந்து தொடங்குகிறேன். அன்று முகமாலையில் சண்டை மூண்டது. போர்நிறுத்த உடன்படிக்கைக்குப் பிறகு 2002 இல் திறக்கப்பட்டு நான்கு ஆண்டுகளுக்கு மேல் ஓடிக்கொண்டிருந்த ஏ9 வீதி அன்றோடு பூட்டப்பட்டது. ரயில் 1990 இலேயே நின்றுபோயிருந்தது. குடாநாட்டில் இருந்த ஏறத்தாழ ஆறு இலட்சம் பேருக்கு வெளியுலகத்துக்கான தரைவழி இல்லாமல் போனது. அந்த நேரம் கொழும்புக்கு வந்திருந்த யாழ்ப்பாணத்தவரும், நல்லூர்த் திருவிழாக் காலத்துக்கென்று ஊருக்குப் போயிருந்த கொழும்பு, வெளிநாட்டு உறவுகளும் நின்ற நின்ற இடத்தில் மாட்டிக்கொண்டார்கள்.

என் பெரியம்மா அவர்களில் ஒருவர். கண்ணில் வெண்புரை அகற்றுவதற்காக ஓகஸ்ட் முதல் வாரம் பஸ்ஸில் கொழும்பு வந்தவர். "பத்து நாளிலை வாறன் எண்டு சொல்லித் திறப்பைக் குடுத்திட்டு வந்தனான், கோழியளுக்கு ஆர் தீன் போடுறது" என்பதுதான் அவருடைய முதல் கவலை. கொண்டுவந்தது நாலு சேலை. மட்டக்குளியில் எங்கள் வீட்டு முன்னறையில் ஏழு மாதம் இருந்தார். மூன்றாம் மாதத்தில் கோழிகளைப் பற்றிக் கேட்பதை நிறுத்திவிட்டார். விமானச் சீட்டு எடுத்துத் தருவதாக ஒரு முகவர் முற்பணம் வாங்கினார். அதில் பாதிதான் திரும்பி வந்தது.

வீதி மூடிய பின் இருந்த வழிகள் இரண்டு. ஒன்று பலாலிக்கும் இரத்மலானைக்கும் இடையிலான விமானம். அதன் கட்டணம் சாதாரண குடும்பத்துக்கு எட்டாது. மற்றது காங்கேசன்துறைக்கும் திருகோணமலைக்கும் இடையிலான கப்பல். 'கிரீன் ஓஷன்' என்ற பெயர் அந்தக் காலத்தில் பயணம் செய்தவர்களுக்கு மறக்காது. கொழும்பிலிருந்து போகிறவர் முதலில் திருகோணமலைக்குப் போய்ச் சேர வேண்டும். யாழ்ப்பாணத்திலிருந்து வருகிறவருக்குப் படையினரின் அனுமதி வேண்டும். மக்கள் வாயில் அது 'கிளியரன்ஸ்'. அடையாள அட்டை, கிராம சேவகரின் உறுதிப்படுத்தல், பயணத்துக்கான காரணம், அந்தக் காரணத்துக்கான கடிதம் என்று தாள்கள் சேரும். துறைமுகம் உயர் பாதுகாப்பு வலயத்துக்குள் இருந்ததால் சொந்த வாகனத்தில் அங்கே போக முடியாது. கூட்டிச் சேர்த்துத்தான் கொண்டு போவார்கள். பொதிகளைப் பிரித்துக் கொட்டிச் சோதித்த பின் திரும்ப அடுக்குவது பயணியின் வேலை. இவ்வளவும் முடிந்த பிறகு, கடல் கொந்தளிப்பென்றோ பாதுகாப்பு நிலைமையென்றோ கப்பல் இன்று இல்லை என்பார்கள். அனுமதிக்கு ஒரு திகதி, கப்பலுக்கு ஒரு திகதி, மருத்துவமனைக்கோ நேர்முகத்துக்கோ வேறொரு திகதி. இந்த மூன்றும் ஒன்றாகப் பொருந்துவது அதிர்ஷ்டம்.

வெளிநாட்டுக் கடவுச்சீட்டு வைத்திருந்தவர்களுக்கு நிலைமை சற்று வேறு. ஓகஸ்ட் இறுதியில் செஞ்சிலுவைச் சர்வதேசக் குழுவின் கொடியுடன் 'சிட்டி ஒஃப் லிவர்பூல்' என்ற கப்பல் அவர்களில் ஒரு தொகுதியினரை ஏற்றிச் சென்றது. அதே வீட்டில் பிறந்து, அதே திருவிழாவுக்கு வந்த இரண்டு சகோதரர்களில் கனடாக் கடவுச்சீட்டு உள்ளவர் போவார், தேசிய அடையாள அட்டை மட்டும் உள்ளவர் நிற்பார். பயணத்தடை எல்லோருக்கும் ஒரே மாதிரி விழுவதில்லை என்பதை யாழ்ப்பாணம் அப்போதே கண்டது.

அந்த ஆண்டு ஒக்டோபர் இறுதியில் ஜெனீவாவில் நடந்த பேச்சு முறிந்ததும் இந்த வீதியால்தான். வீதியைத் திறக்க வேண்டும் என்று விடுதலைப் புலிகள் கேட்டார்கள். அரசாங்கம் கடல்வழியைக் காட்டியது. கடல்வழியும் பாதுகாப்பானதாக இருக்கவில்லை. 2007 ஜனவரியில் பொருள் இறக்கிவந்த 'சிட்டி ஒஃப் லிவர்பூல்' கடற்புலிகளின் தாக்குதலுக்குள்ளானது. இதையும் சேர்த்தே எழுத வேண்டும். பாதையை மூடியதும் பாஸ் கேட்டதும் ஒரு தரப்பு மட்டும் அல்ல. 1990களின் தொடக்கத்தில் புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்த யாழ்ப்பாணத்தை விட்டு வெளியேறப் புலிகளிடமே பாஸ் எடுக்க வேண்டியிருந்தது. பிணை நின்றவர்கள், கிளாலிக் கடல்நீரேரியை இரவில் படகில் கடந்தவர்கள் இந்தக் கட்டுரையை வாசிப்பவர்களிலும் இருப்பார்கள்.

வந்த இடத்தில் மாட்டிக்கொண்டவருக்குத் தடை கப்பலோடு முடிவதில்லை. தங்கியிருக்கும் இடத்திலும் அது பின்தொடரும். ஊர் திரும்ப முடியாமலும், வெளிநாட்டு விசாவுக்குக் காத்துக்கொண்டும், சிகிச்சை பெற்றுக்கொண்டும் கொழும்பில் இருந்த தமிழர்கள் வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை, புறக்கோட்டை லொட்ஜ்களில் நிறைந்திருந்தார்கள். மட்டக்குளிப் பக்கம் வீடுகளில் அறை எடுத்து இருந்தவர்களே அதிகம். பொலிஸ் பதிவு இல்லாமல் ஓர் இரவும் இருக்க முடியாது. 2007 ஜூன் 7 ஆம் திகதி அதிகாலை பொலிஸாரும் படையினரும் லொட்ஜ்களுக்கு வந்தார்கள். கொழும்பில் இருப்பதற்குத் தக்க காரணம் இல்லை என்று கூறி 376 பேரை பஸ்களில் ஏற்றினார்கள். அரசாங்கம் சொன்ன கணக்கின்படி 291 ஆண்கள், 85 பெண்கள். பெரும்பாலானோர் வவுனியாவுக்குக் கொண்டு செல்லப்பட்டனர். சாமான்களைக் கட்டுவதற்குக்கூட அரை மணித்தியாலம் சரியாகக் கிடைக்காத பயணம் அது.

மாற்றுக் கொள்கைகளுக்கான நிலையம் உயர் நீதிமன்றத்துக்குப் போனது. அடுத்த நாளே, வெளியேற்றத்தை நிறுத்தும் இடைக்கால உத்தரவு வந்தது. அனுப்பப்பட்டவர்களில் ஒரு பகுதியினர் அதே வார இறுதியில் திரும்பக் கொண்டுவரப்பட்டனர். அப்போதைய பிரதமர் இரத்தினசிறி விக்கிரமநாயக்க பகிரங்கமாக வருத்தம் தெரிவித்தார். ஏற்றப்பட்டவர்களில் எத்தனை பேருடைய விசா நேர்முகமும் மருத்துவர் கொடுத்த திகதியும் அந்த வாரத்தில் இருந்தன என்பதை யாரும் எண்ணவில்லை.

376 என்ற எண்ணை எங்கோ வாசித்த நினைவு சிலருக்கு இருக்கலாம். 1914 மே மாதம் கனடாவின் வான்கூவர் துறைமுகத்துக்கு வந்த கோமகாட்டா மாரு கப்பலில் இருந்த பயணிகளும் 376 பேர். புறப்பட்ட நாட்டிலிருந்து இடையில் மாறாமல் நேராக வந்தவர்களுக்கே அனுமதி என்ற சட்டத்தைக் காட்டி அவர்களில் பெரும்பாலானோரை இரண்டு மாதம் கப்பலிலேயே வைத்துவிட்டுத் திருப்பி அனுப்பியது அன்றைய கனடா. இரண்டு எண்களும் ஒன்றாக இருப்பது தற்செயல்தான்.

போர் முடிந்த பின்னும் இந்தப் பழக்கம் போகவில்லை. 2014 ஒக்டோபர் 13 ஆம் திகதி யாழ்தேவி 24 ஆண்டுகளுக்குப் பிறகு யாழ்ப்பாண நிலையத்துக்கு வந்தது. அதே மாதத்தில், வெளிநாட்டுக் கடவுச்சீட்டு உள்ளவர்கள் வடக்குக்குப் போகப் பாதுகாப்பு அமைச்சின் அனுமதி வேண்டும் என்ற கட்டுப்பாடு முன்னறிவிப்பின்றித் திரும்ப வந்தது. இலண்டனிலிருந்தும் ரொறொன்ரோவிலிருந்தும் வந்தவர்கள் ஓமந்தைச் சோதனைச் சாவடியில் திருப்பப்பட்டார்கள். தாயின் அந்தியேட்டிக்கு வந்தவரும் கடற்கரை பார்க்க வந்த வெள்ளைக்காரரும் ஒரே வரிசையில் நின்றார்கள். ஆட்சி மாறிய பின், 2015 ஜனவரியில் அது நீக்கப்பட்டது.

பிறகு கொரோனா. 2020 ஒக்டோபரில் மட்டக்குளி, முகத்துவாரம், புளூமெண்டால், கிராண்ட்பாஸ் பொலிஸ் பிரிவுகளுக்கு உடனடியாக நடைமுறைக்கு வரும் ஊரடங்கு அறிவிக்கப்பட்டபோது, துறைமுகத்துக்கு வேலைக்குப் போன எங்கள் ஒழுங்கைக்காரர் சிலர் ஒழுங்கை முனையிலேயே நின்றுவிட்டார்கள். அடுத்த ஆண்டு மே மாதம் நாடு முழுவதற்கும் வந்த முடக்கத்துக்கு அரசாங்கம் வைத்த பெயரே 'பயணத்தடை'.

சட்டம் என்ன சொல்கிறது என்பதை இனிப் பார்ப்போம். அரசியலமைப்பின் 14 ஆம் உறுப்புரை ஒவ்வொரு பிரசைக்கும் நாட்டுக்குள் நடமாடவும் விரும்பிய இடத்தில் வசிக்கவும் உரிமை தருகிறது. இலங்கைக்குத் திரும்பி வரும் உரிமையும் அங்கே உண்டு. நாட்டை விட்டு வெளியே போகும் உரிமை அங்கே எழுதப்படவில்லை என்பதைப் பலர் கவனிப்பதில்லை. 15 ஆம் உறுப்புரை இந்த உரிமைகளைத் தேசிய பாதுகாப்பு, பொது ஒழுங்கு, பொதுச் சுகாதாரம் போன்ற காரணங்களுக்காகச் சட்டத்தால் மட்டுப்படுத்த இடம் தருகிறது. போர்க்காலத்தில் அந்தச் சட்டம் 1947 ஆம் ஆண்டின் பொதுமக்கள் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தின் கீழ் வந்த அவசரகால விதிகள். கொரோனாக் காலத்தில் 1897 ஆம் ஆண்டுத் தொற்றுநோய்த் தடுப்புக் கட்டளைச் சட்டம். ஆகவே தடை போடுவதே சட்டவிரோதம் என்று வாதிடுவது கடினம். சட்டத்தில் இல்லாத வாய்மொழி உத்தரவா, ஓர் இனத்துக்கு மட்டும் பொருந்துகிறதா, காரணத்துக்கு அளவானதா என்ற கேள்விகளில்தான் வழக்கு நிற்கும்.

இங்கே நாட்கணக்கு முக்கியம். அடிப்படை உரிமை மீறல் மனுவை உயர் நீதிமன்றத்தில் ஒரு மாதத்துக்குள் தாக்கல் செய்ய வேண்டும். பயணம் தடைப்பட்டவர் அந்த மாதத்தை அடுத்த கப்பலுக்கோ பஸ்ஸுக்கோ அலைவதிலேயே கழித்துவிடுகிறார். அந்த ஒரு மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவில் முறையிட்டால், அங்கே விசாரணை நிலுவையில் இருக்கும் காலம் கணக்கில் சேராது. இது 1996 ஆம் ஆண்டின் ஆணைக்குழுச் சட்டத்தில் உள்ளது. முறைப்பாட்டு இலக்கத்தை எழுதி வாங்கி வைத்திருப்பது அதனால்தான் அவசியம். திருப்பி அனுப்பியவர் தாளில் எதுவும் தரமாட்டார். திகதி, நேரம், சாவடி, சொன்ன காரணம் ஆகியவற்றை அன்றைக்கே நீங்கள் எழுதி வையுங்கள். சீட்டின் பிரதி, மருத்துவமனைத் துண்டு, விசா நேர்முகக் கடிதம் எல்லாம் அதனோடு இருக்கட்டும்.

காசு விடயம் இன்னும் சிக்கல். கப்பல் நிறுவனங்களின் பயண நிபந்தனைகளில், அரசாங்க உத்தரவால் துறைமுகம் மூடினால் பாதையை மாற்றும் உரிமையை நிறுவனம் தனக்கு வைத்துக்கொள்வது வழமை. பயணம் முழுவதுமாக ரத்தானால் பணம் கேட்கலாம். ஓர் ஊர் தவறிப்போனதற்குக் கேட்பது கடினம். பயணக் காப்புறுதிகளில் பல, போரையும் அரச உத்தரவையும் விலக்கி வைத்திருக்கும். கையொப்பம் இடும் முன் அந்தப் பக்கத்தைத்தான் முதலில் வாசிக்க வேண்டும். சீட்டை நேரடியாக நிறுவனத்திடம் எடுத்தால் திரும்பக் கேட்க ஒரு முகவரியாவது இருக்கும்.

இப்போது கப்பல் என்றால் எங்கள் ஆட்களுக்கு நாகபட்டினம் – காங்கேசன்துறைப் பாதைதான். 2023 ஒக்டோபர் 14 ஆம் திகதி 'செரியாபாணி' 150 இருக்கைகளுடன் தொடங்கியது. மழைக்காலம் வர, சில நாட்களிலேயே நின்றது. 2024 மே 13 முதல் மீண்டும் ஓடும் என்று அறிவித்து முன்பதிவு எடுத்தார்கள். பிறகு மே 17 என்றார்கள், பிறகு 19. அனுமதிப் பத்திரங்கள் முடியவில்லை என்று அதுவும் தள்ளிப்போய், ஓகஸ்ட் 16 ஆம் திகதிதான் 'சிவகங்கை' புறப்பட்டது. முன்பதிவு செய்தவர்களுக்குத் திகதியை மாற்றவோ பணத்தைத் திரும்பப் பெறவோ வாய்ப்புக் கொடுக்கப்பட்டது. 2006 இல் காத்திருந்தவர்களுக்கு யாரும் அப்படிக் கேட்டதில்லை. ஆனாலும் தமிழகத்து முகாம்களில் வாழும் உறவுகளைப் பார்க்கவோ, அங்கே திருமணத்துக்கோ இந்தக் கப்பலை நம்பித் திகதி குறிப்பவர்கள் வடகிழக்குப் பருவமழை மாதங்களைத் தவிர்ப்பது நல்லது. அதே ஆண்டு நவம்பரில் நின்ற சேவை 2025 பெப்ரவரி 22 ஆம் திகதிதான் திரும்பத் தொடங்கியது.