என்பு மச்சையும் வாய்நலமும்

மனிதனின் குருதி பிறக்குமிடம் என்பினுள் இருக்கும் மச்சையாகும். அது நோயுற்றவிடத்துப் பிறர் மச்சையைப் பெற்று உடலிற் செலுத்தும் முயற்சியை, அமெரிக்க வைத்தியர் டொனல் தோமசும் குழுவினரும் 1957ஆம் ஆண்டில் உலகறியச் செய்தனர். அன்று மச்சை பெற்ற அறுவருள் ஒருவரேனும் நெடுநாள் வாழவில்லை. எனினும் முயற்சி ஓயவில்லை. 1983இல் மும்பை தாதா நினைவு வைத்தியசாலையிலும், 1986இல் வேலூர்க் கிறித்தவ மருத்துவக் கல்லூரியிலும் இச்சிகிச்சை தொடங்கியது. 1990இல் தோமசு நோபெல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.

நோயாளர் பிழைத்தெழத் தொடங்கிய பின்னரே வேறொரு துன்பம் வைத்தியர் கண்ணுக்குத் தெளிவாகப் புலப்பட்டது. அது வாயின் துன்பம். மாற்றுக்கு முன்னர் அளிக்கப்படும் கடுமருந்தும் கதிர்வீச்சும் விரைந்து வளரும் உயிரணுக்களை அழிப்பன. வாயின் உட்தோல் அத்தகைய அணுக்களால் ஆனது. ஆதலின் சில நாட்களிலேயே வாயெங்கும் புண் தோன்றும்; கஞ்சி விழுங்குவதும் அரிதாகும். உமிழ்நீர் வற்றப் பற்கள் சொத்தையாகும். மாதங்கள் சென்றபின், புதிய மச்சையிற் பிறந்த வெள்ளணுக்கள் நோயாளியின் உடலையே அயலானதாகக் கருதித் தாக்குவதும் உண்டு. அப்போது கன்னத்தின் உட்புறத்தில் வெண்கோடுகள் படரும். வாய் திறப்பதும் கடினமாகும்.

இவ்வனுபவமே பல்வைத்தியரைச் சிகிச்சைக் குழுவினுட் கொணர்ந்தது. பழுதுற்ற பல்லை மாற்றுக்கு இரு வாரம் முன்னரேனும் அகற்றிப் புண்ணை ஆறவிடுதல், சில மருந்துகள் ஏறும்வேளை பனிக்கட்டித் துண்டை வாயில் அடக்குதல், மென்தூரிகையால் பல் துலக்குதல், உப்பும் அப்பச்சோடாவும் கரைத்த நீரால் வாய் கொப்பளித்தல் ஆகியன வழக்காயின.

வன்னி மக்கள் இச்சிகிச்சைக்காகத் தொலைநகரங்களுக்கே செல்லவேண்டும். ஆயின் சிகிச்சை முடிந்து மீள்வது வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் முல்லைத்தீவுக்குமே. மச்சையை மாற்றிய வைத்தியர் தொலைவில் இருப்பார். முரசில் இரத்தம் கசியும்போது அருகில் இருப்பவர் ஊர்ப் பல்வைத்தியர். இலங்கையில் 1943இல் தொடங்கி 1954இற் பேராதனைக்குப் பெயர்ந்த பல்வைத்தியக் கல்வியின் பயன் இத்தகைய வேளையிலேயே விளங்கும். பல்லைப் பிடுங்குமுன் குருதியணுக்களின் எண்ணிக்கையை அறிதலும், மாற்றுச் சிகிச்சை அளித்த வைத்தியரைக் கலந்துகொள்ளலும் அவர் கடன். சிகிச்சைக் குறிப்பேட்டை அவரிடம் காட்டுதல் நோயாளியின் கடன்.

வீட்டாருக்கும் ஒரு கடன் உண்டு. பாக்குப் புற்றுநோய் விளைவிப்பது என்று உலக நலத்தாபனத்தின் புற்றுநோய் ஆய்வு நிலையம் முடிவுசெய்துள்ளது. மாற்றுப் பெற்றவர் வாயிற் புற்றுநோய் எழும் ஆபத்தோ மற்றையோரினும் மிகுதி. ஆகவே விருந்தினருக்கு நீட்டும் வெற்றிலைத் தட்டம் அவர்முன் வாராதிருத்தல் நன்று. உயிரை மீட்டது மச்சை. மீண்டவர் உண்ணவும் உரையாடவும் வேண்டுமாயின் வாயையும் பேணுதல் வேண்டும்.