வெயிலும் எழுத்தும்: கைத்திரையின் வரலாற்றில் உழைப்போர்

களனி கங்கை கடலொடு கலக்குமிடத்தே அமைந்தமையால் முகத்துவாரம் அப்பெயர் பெற்றது. கொழும்பு நகரின் வட எல்லையிலுள்ள இப்பகுதியில் தமிழரும் சிங்களவரும் முஸ்லிம்களும் கலந்து வாழ்கின்றனர். இங்குள்ள மீன்பிடித் துறைமுகத்துக்குப் பகல் வேளையிற் செல்வோர் ஒரு காட்சியைக் காணத் தவறார். படகுத் தட்டில் நிற்கும் தொழிலாளி கைத்தொலைபேசியை எடுக்கிறார். மறு கையால் அதன் திரைக்கு நிழல் பிடிக்கிறார். அதுவும் போதாதவிடத்து, வெயிலை மறைத்துத் திரும்பி நின்று, தலைத்துவாயை இழுத்துப் போர்த்து அதனுள்ளே வாசிக்க முயல்கிறார். அற்பமாகத் தோன்றும் இச்செயலுக்கும் ஒரு வரலாறு உண்டு. திரையை ஆக்கியோர் அதனை யார், எங்கிருந்து வாசிப்பார் எனக் கருதினர் என்பதே அவ்வரலாற்றின் அடிப்படை வினாவாகும்.

முதலில் இதன் பௌதிக அடிப்படையைச் சுருக்கமாக நோக்குவோம். எழுத்தை நாம் இனங்காண்பது எழுத்துக்கும் அதன் பின்புலத்துக்குமிடையே உள்ள ஒளி வேறுபாட்டினாலாகும். காகிதத்தின்மீது வெயில் படும்போது வெண்மை, கருமை ஆகிய இரண்டும் ஒரே விகிதத்தில் ஒளி பெறுவதால் வேறுபாடு குன்றுவதில்லை. தானே ஒளிரும் திரையின் நிலை வேறானது. உச்சி வெயிலின் அளவு ஏறத்தாழ 100,000 இலக்ஸ் ஆகும். இதில் நூற்றிலொரு பங்கை மாத்திரம் திரை பரவலாகத் தெறிக்கச் செய்வதாகக் கொண்டாலும், சதுர மீற்றருக்கு 300 கன்டெலாவுக்கு மேற்பட்ட ஒளி திரை முழுவதும் படிந்துவிடும். திரையின் சொந்த ஒளி 500 கன்டெலா எனின், வெண்பகுதி 800 ஆகவும் கரும்பகுதி 300 ஆகவும் தோன்றும். அறையினுள்ளே நூற்றுக்கணக்கான மடங்காயிருந்த வேறுபாடு வெளியே மூன்று மடங்கிலும் குறைந்துவிடுகிறது. வட அகலக்கோடு 7 பாகையளவில் அமைந்த கொழும்பில், ஏப்ரல் முற்பகுதியிலும் செப்டெம்பர் தொடக்கத்திலும் நண்பகற் சூரியன் நேர் உச்சியில் நிற்கும். அவ்வேளையில் நடுக்கடலில் நிற்பவருக்கு ஒதுங்க நிழலில்லை.

இப்பிரச்சினையின் ஒரு கூறு தமிழ் மரபுக்குப் புதிதன்று. எழுத்தாணி ஓலையிற் கீறிய கோட்டுக்கு நிறமில்லை. கரியையும் இலைச்சாற்றையும் பூசித் துடைத்தபோது கருமை கீறலிலே தங்கி எழுத்துப் புலப்பட்டது. இதனை மையாடுதல் என்பர். புள்ளியிட்டால் ஓலை துளைபடும் என்பதற்காகப் புள்ளியை விட்டெழுதுதலும் வழக்காயிருந்தது. அவ்விடைவெளியைப் பயிற்சியால் நிரப்ப வல்லவர் சிலரே. கல்வியும் அச்சிலரிடமே இருந்தது. வெயிலில் மங்கும் கைத்திரையிலும் முதலில் மறைவன மெல்லிய கோடுகளும் புள்ளியுமேயாம். கடலோடிக்கு இலக்கங்கள் இன்னும் முக்கியமானவை. நிலைகாண் கருவி காட்டும் அகலக்கோட்டெண்ணில் 6 என்பது 8 எனத் தோன்றின், பாகையின் ஒரு கலையில் (அறுபதிலொரு பங்கில்) இரண்டு பிழைத்தாலே படகு இரண்டு கடல்மைல் விலகிவிடும்.

நவீன திரையின் தொடக்கம் வெயிலுக்குப் பகையானதன்று. 1972 இல் விற்பனைக்கு வந்த பல்சர் கைக்கடிகாரம் சிவப்பொளி உமிழும் இலக்கங்களைக் கொண்டிருந்தது. மின்கலம் விரைவில் தீருமென்பதால், பொத்தானை அழுத்தினாலன்றி அது நேரங்காட்டாது. வெயிலில் அழுத்தினாலும் தெளிவாகத் தெரியாது. அதனை வென்றது திரவப் பளிங்குத் திரையாகும். 1968 இல் அமெரிக்காவின் ஆர்.சி.ஏ. நிறுவனத்தில் ஜோர்ஜ் ஹைல்மையர் குழுவினர் இதனை அறிவித்தனர். 1970 இல் சுவிற்சர்லாந்தின் பாசல் நகரிலே ஷாட், ஹெல்ஃப்ரிச் ஆகிய இருவர் குறைந்த மின்னில் இயங்கும் முறையொன்றை வகுத்தனர். திரவப் பளிங்கு தானே ஒளிர்வதில்லை. பிற ஒளியை விடவும் தடுக்கவும் மாத்திரமே செய்யும். பின்னே ஒளிதெறிக்கும் தகடொன்றை வைத்தால், வெயிலே அதற்கு விளக்காகும். 1970 களின் இறுதியளவில் சிவப்பொளிக் கடிகாரம் பெரும்பாலும் மறைந்துபோயிற்று. இத்துறையில் தென்னாசியாவுக்கும் பங்குண்டு. பெங்களூர் இராமன் ஆய்வு நிலையத்தில் எஸ். சந்திரசேகர் குழுவினர் 1977 இல் வட்டத்தகடு வடிவ மூலக்கூறுகளாலான திரவப் பளிங்கைக் கண்டறிந்தனர். திரையைப் பக்கவாட்டிலும் தெளிவாகக் காட்டும் மென்படலங்களில் இத்தகைய மூலக்கூறுகள் பிற்காலத்திற் பயன்பட்டன.

கைத்தொலைபேசியின் முதற்காலமும் இவ்வழியே சென்றது. 1997 தொடக்கம் வட கேரளக் கரையில் இச்சேவை பரவியபோது மீனவர் கடலிலிருந்தே பல சந்தைகளின் விலையை விசாரித்தனர். சந்தைகளுக்கிடையிலான விலை வேறுபாடு குறைந்ததை றொபேட் ஜென்சன் 2007 இல் வெளியிட்ட ஆய்வு நிறுவியது. அக்காலக் கருவிகள் ஒருநிறத் திரையுடையவை. 2003 இல் வெளிவந்த நொக்கியா 1100 இருபத்தைந்து கோடி அளவில் விற்பனையானது. தூசு புகாத முகப்பும் சிறு மின்சூளும் கொண்ட அக்கருவியை வெயிலிலும் வாசிக்க முடிந்தது.

பின்னர் வண்ணத் திரை வந்தது. வண்ண வடிகளினூடே வெளியொளி உட்புகுந்து மீளும்போது இருமுறை குன்றுவதால், தெறிப்பொளியில் நல்ல வண்ணம் பெறுதல் கடினம். ஆகவே தெறிக்கும் தகடு நீக்கப்பட்டுப் பின்விளக்கு முதன்மை பெற்றது. இதனை எவரதும் சதியெனக் கொள்ளுதல் தவறு. ஆயின் இத்தெரிவு நடுநிலையானதுமன்று. கடையின் குளிரூட்டிய அறையில் நிறம் பளிச்சிடுவது விற்பனைக்கு உதவியது. வெயிலில் எழுத்துத் தெரிவது விலைச்சீட்டிற் காட்டப்படும் பண்பாக இருக்கவில்லை. கூரையின் கீழ் அமர்ந்திருப்பவரே வாங்குவோராகக் கருதப்பட்டார். மீனவரும் கட்டடத் தொழிலாளியும் நடைபாதை வியாபாரியும் அக்கருதுகோளுக்குப் புறம்பே நின்றனர்.

வேறு வழி இருக்கவில்லை என வாதிடுதல் பொருந்தாது. வறிய நாடுகளின் சிறுவர்க்கென 2007 இல் உற்பத்தியான ‘பிள்ளைக்கொரு மடிக்கணினி’ கருவிக்கு மேரி லூ ஜெப்சன் வகுத்த 7.5 அங்குலத் திரை இரு முறைகளில் இயங்கியது. அறையிலே பின்விளக்கின் துணையால் வண்ணத்தில் தெரிந்தது; வெயிலிலே விளக்கின்றிக் கருப்பு வெள்ளையில் 1200க்கு 900 புள்ளிச் செறிவுடன் தெளிவாக விளங்கியது. மரநிழலும் முற்றமும் வகுப்பறையாகும் நாடுகளை எண்ணி வகுத்ததன் பயன் அது. இம்முறையைப் பின்பற்றிய திரையுடன் இந்தியாவின் நோஷன் இங்க் நிறுவனம் 2011 இல் ஆடம் என்னும் பலகைக்கணினியை வெளியிட்டது. சந்தையில் இவ்வகை நிலைபெறவில்லை.

பெருஞ்சந்தை தெரிந்த தீர்வு ஒளியைக் கூட்டுவதாகும். 2022 இல் வெளியான ஐபோன் 14 புரோ வெளியிடத்தில் 2000 கன்டெலா வரை ஒளிர வல்லது. உயர்விலைக் கருவிகளே முதலில் இவ்வசதியைப் பெற்றன. மேலும், கூடிய ஒளி மின்கலத்தை விரைவில் தீர்க்கும். வெயிலிற் கருவி சூடேறும்போது தன்னைக் காத்துக்கொள்ளத் திரையைத் தானே மங்கச் செய்யும். வெளிச்சம் மிகத் தேவையான வேளையிலேயே அது குறைகிறது. தெறிப்பைக் குறைக்கும் வழியோ பழையது. 1938 இல் கதரின் புளொட்ஜெற் கண்ணாடியின்மீது மிக மெல்லிய படலமிட்டு அதன் தெறிப்பை ஏறத்தாழ இல்லாமற் செய்து காட்டினார்.

கருவியைவிடச் சமூக ஏற்பாடு முந்திய ஓர் உதாரணமும் உண்டு. 1998 இல் எம். எஸ். சுவாமிநாதன் ஆய்வு நிறுவனம் புதுச்சேரிப் பகுதியில் கிராம அறிவு நிலையங்களைத் தொடங்கியது. அமெரிக்கக் கடற்படை வெளியிடும் அலையுயர எதிர்வுகூறலை வீராம்பட்டினத்து நிலையத்தார் கணினியிற் பெற்று, ஒலிபெருக்கி மூலம் தமிழிற் கரையெங்கும் அறிவித்தனர். ஒருவர் நிழலில் வாசித்தது ஊருக்கே பயன்பட்டது. எழுத்தறிவும் கருவியும் தனியுடைமையாக வேண்டியதில்லை என்பதை இது உணர்த்துகிறது. ஆயினும் கரை தாண்டிய படகுக்கு அக்குரல் எட்டாது; அங்கே கையிலுள்ள திரையையே நம்ப வேண்டியுள்ளது.

ஆகவே, தமிழ்ச் செயலிகளையும் எழுத்துருக்களையும் ஆக்குவோர் சில கடமைகளை ஏற்றல் வேண்டும். வெள்ளைப் பின்புலத்தில் கருப்பெழுத்து, தடித்த கோடு, பெரிய புள்ளி, மயங்காத இலக்க வடிவு ஆகியன செலவு வேண்டாதவை. கருவிகளைக் கொள்வனவு செய்யும் அரச நிறுவனங்களும் கூட்டுறவுச் சங்கங்களும் நண்பகல் வெயிலில் அவற்றை வாசித்துப் பார்த்த பின்னரே ஏற்றல் தகும். அச்சோதனையை நடத்த முகத்துவாரத் துறைமுகத்தினும் பொருத்தமான இடமில்லை. அங்கே உழைப்போரே அதன் தேர்வாளராயும் அமைதல் வேண்டும்.