ஜிகாண்ட்: நடக்காத படையெடுப்புக்காகப் பிறந்த விமானம்

ஒரு ப்ராஜெக்ட் ஆரம்பிக்கிறாங்க. ரெக்வயர்மென்ட் தெளிவா இருக்கு, டெட்லைன் பயங்கரமா இருக்கு. டீம் ராத்திரி பகல் பார்க்காம வேலை செஞ்சு முடிக்குது. முடிச்சுப் பார்த்தா, கிளையன்ட்டுக்கு இப்ப அந்தத் தேவையே இல்லை. ஆனா செஞ்ச சாமான் மட்டும் கண் முன்னாடி பெருசா நிக்குது. தூக்கிப் போட யாருக்கும் மனசு வரலை. வேற எதுக்காவது ஓட்டிப் பார்ப்போம்னு ஒட்டுப் போட ஆரம்பிக்கிறாங்க.

ஐடி வேலையில இருக்கிறவங்க இப்பவே சிரிச்சிருப்பீங்க. இன்னைக்குக் கதையில அந்தச் சாமான் ஒரு விமானம். மெஸ்ஸர்ஷ்மிட் மி 323. பேர் ஜிகாண்ட், அதாவது ராட்சதன். அந்த ஒட்டுக்கெல்லாம் விலை கொடுத்தது அதில் ஏறிப் பறந்தவர்கள்.

1940-க்குப் போவோம். ஜூன் மாசம் பிரான்ஸ் விழுந்துவிட்டது. அடுத்தது பிரிட்டன்; கடல் தாண்டிப் படையெடுக்கும் அந்தத் திட்டத்துக்கு 'கடல் சிங்கம்' என்று பெயர். ஆனால் பிரிட்டிஷ் விமானப்படையை வீழ்த்த முடியவில்லை. செப்டம்பர் 17 அன்று ஹிட்லர் திட்டத்தைத் தள்ளி வைக்கிறார். தள்ளி வைக்கிறார், அவ்வளவுதான். அடுத்த வருஷம் வசந்த காலத்தில் மறுபடி முயற்சி செய்யலாம் என்ற நினைப்பு இன்னும் இருக்கிறது.

அப்போது ஒரு கேள்வி வருகிறது. பாராசூட்டில் ஆட்களை இறக்கலாம். டாங்கியை எப்படி இறக்குவது? அன்றைய ஜெர்மன் சரக்கு விமானமான யூ 52-ல் 18 வீரர்கள் ஏறலாம். டாங்கி அதன் கதவுக்குள்ளேயே போகாது. ஆக, ஒரு பிரம்மாண்டமான கிளைடர் வேண்டும். எஞ்சின் கிடையாது, வேறொரு விமானம் கயிறு கட்டி இழுத்துக்கொண்டு போய் விட வேண்டும். 20 டன் எடையுள்ள ஒரு டாங்கியோ, 88 மி.மீ. பீரங்கியும் அதை இழுக்கும் வண்டியுமோ உள்ளே போக வேண்டும். ஒரே ஒரு தடவை இறங்கினால் போதும். திரும்பி வர வேண்டிய அவசியமே இல்லை. கதையைக் கேட்கும்போது இந்தக் கடைசி வரியை ஞாபகம் வச்சுக்கோங்க.

1940 அக்டோபரில் யுங்கர்ஸ், மெஸ்ஸர்ஷ்மிட் என்ற இரண்டு கம்பெனிகளிடம் கேட்டார்கள். டிசைன் கொடுக்க 2 வாரம்தான் அவகாசம். இந்த வேலைக்கு வைத்த ரகசியப் பெயர் 'வார்சா'. ஒரு வருஷம் முன்புதான் அந்த நகரத்தைக் குண்டு போட்டு நாசமாக்கியிருந்தார்கள். அந்தப் பேரையே எடுத்து ஃபைல் மேல ஒட்டிக்கிட்டாங்க. யாருக்காக இந்த எஞ்சினியரிங் நடந்ததுன்னு மறக்காம இருக்க இந்த ஒரு தகவல் போதும்.

யுங்கர்ஸ் முழுக்க மரத்தில் கட்டியது. இறக்கை 62 மீட்டர். டாங்கியை ஏற்றிப் பார்த்த சோதனையில் டாங்கி தளத்தை உடைத்துக்கொண்டு கீழே போனது. 1941 ஏப்ரலில் பறக்கவிட்டபோது தட்டுத்தடுமாறி ஒரு வயலில் போய் இறங்கியது. அதோடு கதை முடிந்தது. கட்டினதையும் பாதி கட்டினதையும் அறுத்து எரிபொருளாக்கிட்டாங்க.

மெஸ்ஸர்ஷ்மிட் கட்டியதுதான் மி 321. எலும்புக்கூடு எஃகுக் குழாய், தோல் பிளைவுட்டும் துணியும். இறக்கை 55 மீட்டர். இப்ப நீங்க ஏறுற ஏர்பஸ் ஏ320-க்கே 36 மீட்டரைத் தாண்டாது. மூக்குப் பக்கம் முழுசாக இரண்டு கதவாகத் திறக்கும். வண்டியை நேராக உள்ளே ஓட்டிவிடலாம். தளம் தரையை ஒட்டியே இருக்கும். டாங்கியைச் சுற்றி ஒரு விமானம் வரைந்த மாதிரி இருக்கும் இந்த டிசைன், எனக்கு இன்னைக்கும் பிரமிப்புதான்.

1941 பிப்ரவரி 25 அன்று, லைப்ஹைம் என்ற ஊரில் முதல் முறையாகப் பறந்தது. கேட்டதிலிருந்து பறந்தது வரை கிட்டத்தட்ட 4 மாதம். நான்கு எஞ்சின் கொண்ட யூ 90 முக்கி முனகித்தான் அதை இழுத்தது. ஓட்டிய கார்ல் பௌர் தரை இறங்கியதும் சொன்ன பெரிய குறை: கட்டுப்பாடுகளை அசைக்க ஒரு ஆளின் பலம் பத்தவில்லை. அடுத்த வடிவத்தில் இரண்டு பேர் உட்கார இடம் செய்தார்கள். அதுதான் முதல் ஒட்டு.

இரண்டாவது ஒட்டு, இழுக்கும் விமானம். யூ 90 கைவிட்டு எண்ணும் அளவுக்குத்தான் இருந்தன. எனவே மூன்று மெஸ்ஸர்ஷ்மிட் 110 போர் விமானங்களைக் கட்டி ஒரே கிளைடரை இழுத்தார்கள். 'ட்ராய்கா' என்று பெயர், மூன்று குதிரை பூட்டிய வண்டி. மூன்றும் ஒரே வேகத்தில், ஒரே கோட்டில் ஓட வேண்டும். ஒன்று கொஞ்சம் சுணங்கினாலும் அடுத்ததன் மேல் போய்ச் சாயும். பாரம் அதிகமானால் கிளைடரின் இறக்கைக்குக் கீழே ராக்கெட் கட்டிக் கிளப்புவார்கள். ஒரு பக்க ராக்கெட் மட்டும் எரிந்தால் என்ன ஆகும்னு நீங்களே யோசிச்சுப் பாருங்க. பல பேர் இப்படிச் செத்தார்கள், எதிரி ஒருவரையும் பார்க்காமலே.

இதுக்கும் ஒரு தீர்வு கண்டுபிடிச்சாங்க பாருங்க, அதுதான் உச்சம். இரண்டு ஹைன்கல் 111 குண்டுவீச்சு விமானங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, இறக்கையோடு இறக்கை ஒட்டி, நடுவில் ஐந்தாவதாக ஓர் எஞ்சினைச் சொருகினார்கள். ஹைன்கல் 111 இசட். ஃபோட்டோவைப் பார்த்தா யாரோ ஃபோட்டோஷாப்ல விளையாடினது மாதிரியே இருக்கும். ஆனால் நன்றாகவே பறந்தது.

இதற்கிடையில் 1941 ஜூன் 22 அன்று ஜெர்மனி சோவியத் யூனியன் மேல் பாய்ந்துவிட்டது. பிரிட்டன் படையெடுப்பு அதோடு காலி. கையில் இருப்பதோ ஒரே ஒரு தடவை இறங்குவதற்காகக் கட்டிய கிளைடர்கள். மொத்தம் 200 செய்தார்கள். அவற்றை ரஷ்யப் போர்முனைக்குத் தினசரி லாரி மாதிரி ஓட்ட அனுப்பினார்கள். இறங்கிய கிளைடர் தானாக நகராது. சக்கரம் கிளம்பும்போதே கழன்று விழுந்துவிடும். இறங்குவது சறுக்குக் கட்டையில். மறுபடி கிளப்ப டிராக்டர் வேண்டும், சக்கரம் வேண்டும், நீளமான ஓடுபாதை வேண்டும், இழுக்கும் விமானங்கள் வேண்டும். 'திரும்பி வர வேண்டாம்' என்ற அந்த ஒரு வரி இப்போது கழுத்தைப் பிடித்தது.

விமானிகள் கேட்டது நியாயமான கேள்வி: இதிலேயே எஞ்சின் வைத்தால் என்ன?

அப்படித்தான் மி 323 வந்தது. ஜெர்மன் எஞ்சின்கள் எல்லாம் போர் விமானங்களுக்கே போதவில்லை. அதனால் ஆக்கிரமித்திருந்த பிரான்சிலிருந்து நோம்-ரோன் 14என் எஞ்சின்களை எடுத்தார்கள். முதலில் நான்கு வைத்தார்கள். 1942 தொடக்கத்தில் பறந்தது, ஆனால் பாரத்தோடு கிளம்ப அப்போதும் இழுத்துவிட ஆள் தேவைப்பட்டது. சரி, ஆறு வையுங்கள். இறக்கையை வலுவாக்கு. கரடுமுரடான தரையில் இறங்கப் பக்கத்துக்கு 5 வீதம் 10 சக்கரம் மாட்டு. ஆறு எஞ்சினைக் கவனிக்க காக்பிட்டில் ஆள் பத்தாது, எனவே இரண்டு மெக்கானிக்குகள். அவர்களுக்கு இடம் எங்கே தெரியுமா? இறக்கைக்குள்ளே. எஞ்சின்களுக்கு நடுவில் ஆளுக்கொரு சின்ன அறை. பயணம் முழுக்க அந்தச் சத்தத்தில், அந்த அதிர்வில் உட்கார்ந்திருக்க வேண்டியதுதான்.

இப்ப கணக்கைப் பாருங்க. மி 321-ன் வெறும் எடை 12 டன்னுக்குக் கொஞ்சம் மேலே. தூக்கிய பாரம் 20 டன்னுக்கும் மேலே. மி 323-ன் வெறும் எடை 27 டன். தூக்கிய பாரம் 10 முதல் 12 டன். எஞ்சினையும் பெட்ரோலையும் சக்கரத்தையும் சுமப்பதிலேயே பாதித் திறன் போய்விட்டது. டாங்கிக்காகக் கட்டிய விமானத்தில் இப்போது அந்த 20 டன் டாங்கியை ஏற்ற முடியாது. உச்ச வேகம் மணிக்குச் சுமார் 220 கி.மீ.

ஆனாலும் அது பயனில்லாத வண்டின்னு சொல்லிட முடியாது, அதான் விஷயம். 130 வீரர்கள், அல்லது ஸ்ட்ரெச்சரில் 60 காயமடைந்தவர்கள், அல்லது 252 லிட்டர் பெட்ரோல் டிரம் 52, அல்லது 8,700 ரொட்டி. அன்று வேறெந்த விமானமும் ஒரே நடையில் இவ்வளவு கொண்டு போகவில்லை. மூக்குக் கதவு, தரையை ஒட்டிய தளம், வரிசையாகச் சின்னச் சக்கரங்கள் என்று இதே விடைகளைத்தான் பின்னாளில் வந்த பெரிய ராணுவ சரக்கு விமானங்களிலும் பார்க்கிறோம். எஃகுக் குழாய் மேல் துணி என்பதால் குண்டுகள் பல நேரம் ஒரு பக்கம் புகுந்து மறுபக்கம் போய்விடும். தைத்து ஒட்டி மறுபடி அனுப்பலாம். வீரர்கள் வைத்த பட்டப்பெயர் 'பிளாஸ்திரி பாம்பர்'.

எதிரி விமானம் இல்லாத வானம் இருந்தால் இது பிரமாதமான வண்டி. 1942 நவம்பரில் அதை அனுப்பிய இடம் மத்தியதரைக் கடல்.

துனிசியாவில் ஜெர்மன், இத்தாலியப் படைகள் மாட்டிக்கொண்டிருந்தன. கப்பல்களை நேச நாடுகள் மூழ்கடித்துக்கொண்டே இருந்ததால் பெட்ரோலையும் வெடிமருந்தையும் இத்தாலியிலிருந்து வான்வழியாகக் கொண்டுபோக வேண்டிய நிலை. கடலை ஒட்டித் தாழ்வாக, மெதுவாக, கூட்டமாகப் பறந்தார்கள். 1943 ஏப்ரல் 5 அன்று அந்த வான்பாலத்தை அறுக்கவே நேச நாடுகள் தனி நடவடிக்கை ஒன்றைத் தொடங்கின. ஏப்ரல் 18 அன்று யூ 52 விமானங்கள் கூட்டமாக விழுந்தன. அதைப் பார்த்த பிறகும் நான்கே நாளில், ஏப்ரல் 22 அன்று, பெட்ரோல் ஏற்றிய ஜிகாண்ட்களை அதே பாதையில் அனுப்பினார்கள். ஸ்பிட்ஃபயர்களும் தென்னாப்பிரிக்கப் படைப்பிரிவின் கிட்டிஹாக்களும் காத்திருந்தன. துணைக்கு வந்த ஜெர்மன் விமானங்களால் தடுக்க முடியவில்லை. கிளம்பியவற்றில் பெரும்பாலானவை கடலில் எரிந்து விழுந்தன. துணி குண்டைத் தாங்கும். உள்ளே பெட்ரோல் டிரம் இருந்தால் அதற்குமேல் ஒன்றும் செய்ய முடியாது. இறக்கைக்குள் இருந்த அந்த இரண்டு பேரை நினைச்சுப் பாருங்க. மே 13 அன்று துனிசியாவில் படைகள் சரணடைந்தன. அந்தப் பெட்ரோலால் எதுவும் மாறவில்லை.

ஒட்டுப் போடுறது அப்பவும் நிக்கலை. சரக்கே ஏற்றாமல், 20 மி.மீ. பீரங்கிகளை நிறைய மாட்டி, மற்ற ஜிகாண்ட்களுக்குக் காவலாகப் பறக்க ஒரு ஜிகாண்ட் செய்து பார்த்தார்கள். நல்லவேளை, சாதாரணப் போர் விமானமே இதைவிட நல்ல காவல்னு யாரோ ஒருத்தர் சொல்லி அதை நிறுத்திட்டாங்க. மொத்த உற்பத்தியும் 1944 ஏப்ரலில் நின்றது. செய்தது சுமார் 200.

முழு விமானமாக ஒன்றுகூட இன்று எந்த மியூசியத்திலும் இல்லை. பெர்லினில் இறக்கையின் ஒரு உத்தரம் மட்டும் இருக்கிறது. ஆனால் 2012-ல் சார்டினியாவுக்குப் பக்கத்தில், லா மட்டலேனா தீவை ஒட்டிய கடலில், சுமார் 60 மீட்டர் ஆழத்தில் ஒன்று கிட்டத்தட்ட முழுசாகக் கிடைத்தது. 1943 ஜூலை 26 அன்று பிரிட்டனின் பியூஃபைட்டர் சுட்டு வீழ்த்திய விமானம் அது. பியூஃபைட்டரைச் செய்தது பிரிஸ்டல் கம்பெனி. ஜிகாண்ட்டுக்கு எஞ்சின் கொடுத்த நோம்-ரோன், 1920-களில் இந்த வகை எஞ்சின் செய்யக் கற்றுக்கொண்டதும் அதே பிரிஸ்டலிடம் லைசென்ஸ் வாங்கித்தான்.