குறைமாதத்தில் பிறந்த பிள்ளைக்குக் கவனம் நிற்கவில்லையா?

"எத்தனை தடவை சொல்லிக் கொடுத்தாலும் உங்க பிள்ளைக்கு மனசுல நிக்க மாட்டேங்குது" என்று மக்தபில் உஸ்தாத் சொல்கிறார். பள்ளிக்கூட டீச்சரிடமிருந்தும் அதே புகார். வீட்டிலோ பெரிய சேட்டை எதுவும் இல்லை. இந்தப் பிள்ளையைச் சோம்பேறி என்று முடிவு கட்டும் முன் ஒன்றைக் கேட்க வேண்டும்: எத்தனையாவது வாரத்தில், என்ன எடையில் பிறந்தது?

37 வாரம் நிறையும் முன் பிறந்தால் குறைமாதப் பிரசவம். 2,500 கிராமுக்குக் கீழ் இருந்தால் எடை குறைந்த குழந்தை, 1,500 கிராமுக்குக் கீழ் என்றால் மிகவும் எடை குறைந்த குழந்தை. 2020-ஆம் ஆண்டில் உலகில் சுமார் 1 கோடியே 34 லட்சம் குழந்தைகள் குறைமாதத்தில் பிறந்தன. இதில் இந்தியாவில் மட்டும் ஏறக்குறைய 30 லட்சம்.

கருவறையின் கடைசி வாரங்களில்தான் மூளை வேகமாக வளர்கிறது. 34-ஆவது வாரத்தில் அதன் எடை, நிறைமாதத்தில் இருக்க வேண்டியதில் மூன்றில் இரண்டு பங்குதான். மூளையின் ஒரு பகுதியை மற்றொன்றோடு இணைக்கும் நரம்பு இழைகள் உருவாகும் காலமும் இதுவே. அந்த வேலை பாதியில் இருக்கும்போது குழந்தை பிறந்துவிட்டால், பிற்காலத்தில் கவனத்தை ஒரே இடத்தில் நிறுத்துவது சிரமமாகலாம்.

பிரிட்டனிலும் அயர்லாந்திலும் 1995-இல் 26 வாரத்துக்கு முன்பே பிறந்த குழந்தைகளைத் தொடர்ந்து கவனித்தார்கள். 11 வயதில் அவர்களில் 11.5 விழுக்காட்டினருக்கு ஏ.டி.ஹெச்.டி. எனப்படும் கவனக்குறைபாடு இருந்தது. நிறைமாதத்தில் பிறந்த பிள்ளைகளில் இது 2.9 விழுக்காடு. மிக மிக முன்கூட்டிப் பிறந்தவர்களிலேயே பத்தில் ஒன்பது பேருக்கு அந்தக் குறைபாடு இல்லை என்பதையும் இதில் கவனிக்க வேண்டும். ஆகவே பயப்படத் தேவையில்லை. கவனித்து வந்தால் போதும்.

சிக்கல் எங்கே என்றால், இந்தப் பிள்ளைகள் பலர் ஓடியாடிக் கலாட்டா செய்வதில்லை. சும்மா உட்கார்ந்திருப்பார்கள், மனம் வேறெங்கோ இருக்கும். சத்தம் போடாததால் யார் கண்ணிலும் படுவதில்லை. பிறகு மதிப்பெண் குறைந்ததும் அடி விழுகிறது. அடித்தால் கவனம் வராது, ஓதுவதிலேயே வெறுப்புதான் வரும்.

தாயைக் குறை சொல்வதும் நம் வீடுகளில் நடக்கிறது. இரட்டைக் கரு, உயர் ரத்த அழுத்தம், நோய்த்தொற்று என்று குறைமாதப் பிரசவத்துக்குப் பல காரணங்கள் உண்டு. பல நேரம் காரணமே தெரிவதில்லை.

முதலில் காதையும் கண்ணையும் சோதியுங்கள். குறைமாதக் குழந்தைகளுக்கு இரண்டிலும் பாதிப்பு வர வாய்ப்பு அதிகம். சரியாகக் கேட்காத பிள்ளையும் கவனிக்காத பிள்ளை போலவே தெரியும். ரத்தசோகை, தூக்கக் குறைவு இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். இரண்டு வயது வரை வளர்ச்சியை, பிறந்த தேதியிலிருந்து அல்லாமல் பிரசவத்துக்குக் குறித்த தேதியிலிருந்து கணக்கிட வேண்டும். இரண்டு மாதம் முந்திப் பிறந்த குழந்தைக்கு எட்டு மாதம் என்றால் அதை ஆறு மாதக் குழந்தையாகவே பார்க்க வேண்டும்.

ஓதிப் பார்ப்பதோடு நிறுத்திவிடக் கூடாது. மருத்துவம் செய்துகொள்ளும்படி நபி (ஸல்) அவர்களே சொல்லியிருக்கிறார்கள். ஆறு வயதுக்குக் கீழ் முதல் சிகிச்சை மாத்திரை அல்ல. பிள்ளையை நடத்தும் முறையைப் பெற்றோருக்குக் கற்றுத் தருவதுதான். ஒரு நேரத்தில் ஒரு வேலை மட்டும் சொல்லுங்கள். ஒரு பக்கம் ஓத வேண்டுமா, மூன்று வரியாகப் பிரித்து இடையில் எழுந்து நடக்க விடுங்கள். இரண்டு முதல் நான்கு வயது வரை செல்போன், டிவி எல்லாம் சேர்த்து நாளைக்கு ஒரு மணி நேரத்தைத் தாண்டக் கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரை.

2013-இல் தொடங்கிய ஆர்.பி.எஸ்.கே. எனும் அரசுத் திட்டம், பிறந்தது முதல் 18 வயது வரை உள்ள பிள்ளைகளை இலவசமாகப் பரிசோதிக்கிறது. கவனக்குறைபாடும் அதன் பட்டியலில் உண்டு. அங்கன்வாடியிலோ அரசு மருத்துவமனையிலோ கேட்டால், டி.இ.ஐ.சி. எனப்படும் மாவட்ட மையத்துக்கு அனுப்புவார்கள். போகும்போது பிரசவ நேரத்து டிஸ்சார்ஜ் சீட்டைக் கையில் எடுத்துச் செல்லுங்கள். பிறந்த வாரமும் எடையும் அதில்தான் இருக்கும்.