கதர் உடுத்த இதழாசிரியர்: வை.மு.கோதைநாயகியும் 'ஜகன்மோகினி'யும்

1921 செப்டம்பர் 22 அன்று மதுரை மேலமாசி வீதி இல்லமொன்றில் காந்தியடிகள் அரையாடைக்கு மாறியது பலமுறை எழுதப்பெற்ற செய்தி. மதுரைக்கு வந்த தொடர்வண்டியில் அவர் கதர் உடுத்துமாறு வேண்டியபோது, அதனை வாங்க இயலாத ஏழைகள் தாங்கள் என உடன்வந்தோர் கூறிய மறுமொழி அம்முடிவைத் தூண்டியது. நெசவைத் தொழிலாகக் கொண்ட சௌராட்டிரர் மிகுதியாக வாழும் நகரில் இது நிகழ்ந்தமை கருதத்தக்கது. ஆயினும் அது ஆண் ஒருவர் மேற்கொண்ட முடிவு; துறவுக் கோலத்திற்குச் சமூகம் வழங்கிவந்த மதிப்பு அதற்குத் துணைநின்றது. குடும்பப் பெண் ஒருவர் ஆடை அணிகலன்களைத் துறப்பதன் பொருள் வேறு. இதற்கு வை.மு.கோதைநாயகி அம்மாளின் (1901–1960) இதழியல் வாழ்க்கை தக்க சான்றாகும்.

இளம் பருவத்திலேயே மணமாகித் திருவல்லிக்கேணி வைணவக் குடும்பத்திற்கு வந்த அவர் முறையான பள்ளிக் கல்வி பெற்றவரல்லர். தம் முதல் படைப்பான 'இந்திர மோகனா' நாடகத்தைத் தோழி பட்டம்மாளிடம் சொல்லியே எழுதுவித்தார். அத்தகையவர் 1925இல் 'ஜகன்மோகினி' இதழைத் தம் பொறுப்பில் ஏற்றார். 'வைதேகி' புதினம் அதில் தொடராக வெளிவந்தது. அவ்வாண்டிலேயே, சென்னை வந்த காந்தியடிகளைச் சீனிவாச ஐயங்கார் இல்லத்தில் கண்டபின், பட்டையும் நகைகளையும் விடுத்துக் கதருக்கு மாறினார்.

அவரைப் பற்றிய எழுத்துகள் பெரும்பாலும் 115 புதினங்கள் என்னும் எண்ணிக்கையில் நின்றுவிடுகின்றன. இதழ்ப் பொறுப்பும் ஆடை மாற்றமும் ஒரே ஆண்டில் நேர்ந்தமை போதிய கவனம் பெறவில்லை. நகை சுமங்கலியின் மங்கல அடையாளம். பெண்ணுக்குரிய தனிச் சொத்தும் அதுவே. அதனைக் களைவது அமங்கலமாகக் கொள்ளப்படும் இடரை அவர் ஏற்றார். அவருடைய வாசகியரோ அவ்வழக்கத்தில் ஊறிய இல்லத்தரசியர். கதர் பற்றி அவர் பேசியபோது, தாம் இழந்ததைக் கொண்டே பேச முடிந்தது. மதுரை சேதுபதி உயர்நிலைப்பள்ளியில் 1904இல் பணியாற்றிய பாரதியார், மறு ஆண்டு 'சக்கரவர்த்தினி' என்னும் மகளிர் இதழின் ஆசிரியரானார். பெண் முன்னேற்றத்தை அவ்விதழும் வலியுறுத்தியது. எனினும் இவ்விழப்பு ஆண் ஆசிரியர் எவருக்கும் நேரக்கூடியதன்று.

அந்நியத் துணி மறியலில் ஈடுபட்டு 1932இல் அவர் சிறை சென்றார். அக்காலத்தில் கணவர் வை.மு.பார்த்தசாரதி இதழைக் கவனித்துக்கொள்ள, 'ஜகன்மோகினி' தொடர்ந்து வெளிவந்தது. சிறையிலும் அம்மையார் புதினம் எழுதினார்.