யோசனை: ஒரு நோயின் ஈழத்துப் பெயர்

லண்டன் வெம்பிளி ஈலிங் ரோட்டில், சேலைக்கடைக்கும் மரக்கறிக்கடைக்கும் இடையே இரண்டு யாழ்ப்பாணத்துப் பெண்கள் நின்று கதைத்தால், அங்கு இல்லாத ஒருத்தியைப் பற்றி இப்படி ஒரு பேச்சு வரும்: "அவா சரியான யோசனை. சாப்பாடும் இல்லை, நித்திரையும் இல்லை." மனச்சோர்வு என்ற சொல் அந்தப் பேச்சில் வராது. நோய் என்னவோ அதுவாக இருக்கக்கூடும்.

யோசனை வடமொழி 'யோஜனா'. வேர் 'யுஜ்': இணைத்தல், நுகத்தில் பூட்டுதல். ஒருமுறை பூட்டிய மாடு அவிழ்க்காமல் போகும் தொலைவு என்ற கணக்கில் அது நீட்டலளவையும் ஆனது. பிறகு எண்ணங்களை இணைப்பது, திட்டம், கருத்து. தமிழ்நாட்டில் "நல்ல யோசனை" என்றால் பாராட்டு. ஈழத்தில் சொல் கவலையின் பக்கம் திரும்பியது. "யோசியாதேங்கோ அக்கா" என்பது ஆறுதல் மொழி. நுகத்தை இறக்கிவைக்க முடியாத மனத்துக்கு இதைவிடப் பொருத்தமான பெயரை நான் அறியேன்.

படித்தவர் வழக்கில் வேறு பெயர்கள். டிப்ரஷன் என்பதன் லத்தீன் மூலம் 'கீழே அழுத்துதல்'. 'மன அழுத்தம்' அதற்கு நெருக்கமானது. ஆனால் அதையே ஸ்ட்ரெஸ்ஸுக்கும் சொல்வதால் நோயும் வேலைப்பளுவும் ஒன்றாகிவிடுகின்றன. இலங்கை உளநல எழுத்தில் ஸ்ட்ரெஸ்ஸுக்கு 'நெருக்கீடு' என்று தனிச்சொல் உண்டு. போரின் நடுவே யாழ்ப்பாணத்தில் பணியாற்றிய உளமருத்துவர் தயா சோமசுந்தரம், ட்ரோமாவைக் குறிக்கும் 'மனவடு' என்ற பெயரிலேயே நூல் எழுதினார்.

அச்சமூட்டும் பெயர் 'விசர்'. வெறிநாய்க்கடியை இலங்கையில் விசர்நாய்க்கடி என்கிறோம். அதே சொல்லை மனிதர்மீதும் எறிகிறோம். அந்தச் சொல்லுக்குப் பயந்தே பலர் டொக்டரிடம் தலையிடி, நெஞ்சடைப்பு என்று மட்டும் சொல்லித் திரும்புகிறார்கள். இங்கிலாந்துக்கும் இப்படியொரு சொல் இருந்தது: நிலவின் பெயரால் அமைந்த 'லூனாடிக்'. 1930ஆம் ஆண்டுச் சட்டம் அதை மாற்றியது.

எல்லா யோசனையும் நோயல்ல. இங்கிலாந்தில் ஜிபி எனப்படும் குடும்ப மருத்துவர் பயன்படுத்தும் ஒன்பது கேள்விகள் கொண்ட தாள் கடந்த இரண்டு கிழமைகளைப் பற்றித்தான் கேட்கிறது: எதிலும் விருப்பமின்மை, நித்திரை, களைப்பு, பசி, தன்னைத் தானே தாழ்வாக நினைப்பது, செத்துப்போனால் நல்லது என்ற எண்ணம். அதிகபட்சப் புள்ளி 27. அது பேச்சைத் தொடங்கும் கருவி. நோயை முடிவுசெய்பவர் மருத்துவர். அரச மருத்துவ சேவையான என்எச்எஸ்ஸின் பேச்சுச் சிகிச்சைக்கு ஜிபியின் கடிதம் இல்லாமல் நாமே பதியலாம். உயிர்மீதே வெறுப்பு வந்தால் பொறுத்திருக்கக் கூடாது. 111ஐ அழைத்து 2ஐத் தெரிவுசெய்தால் உளநல உதவி கிடைக்கும்.

மொழிபெயர்ப்பாளரை இலவசமாகக் கேட்கலாம். ஆனால் அவர் தமிழ்நாட்டுக்காரர் என்றால் "எனக்குக் கனக்க யோசனை" என்பது 'நிறைய சிந்திக்கிறேன்' என்று மருத்துவர் காதில் விழக்கூடும். நோய் அந்த இடத்திலேயே தொலைந்துவிடும். ஆகவே அப்பொயின்ட்மென்ட் எடுக்கும்போதே இலங்கைத் தமிழ் தெரிந்தவர் வேண்டும் என்று கேளுங்கோ. யோசனை என்று சொன்ன கையோடு எத்தனை இரவு நித்திரை இல்லை, எத்தனை நாளாகச் சமைக்க மனமில்லை என்பதையும் சொல்லுங்கோ.