கேரளப் பாலியேட்டிவ் இயக்கம்

கேரளப் பாலியேட்டிவ் இயக்கம் என்பது, தீராத நோயோடும் நீண்டகாலப் படுக்கையோடும் வாழ்பவர்களை அவரவர் வீட்டிலேயே கவனித்துக்கொள்வதற்காகக் கேரளத்தில் பொதுமக்கள் உருவாக்கிய தன்னார்வப் பணி அமைப்பு. 1993-இல் கோழிக்கோடு அரசு மருத்துவக் கல்லூரியில் மருத்துவர்களின் முயற்சியாகத் தொடங்கியது; சில ஆண்டுகளில் மலப்புறம் மாவட்டத்து ஊர்க்காரர்கள் கைக்கு வந்தது; 2008-இல் மாநில அரசின் கொள்கையாயிற்று. படுத்த படுக்கையாகிவிட்ட ஒருவரைப் பார்த்துக்கொள்வது யார் பொறுப்பு என்ற கேள்விக்கு மருத்துவமனை, அக்கம்பக்கம், ஊராட்சி என மூன்று விடைகளை அடுத்தடுத்துத் தேடியதே இதன் வரலாறு.

பெயர்

நோயை வேரறுக்க முடியாத நிலையில், வலி, மூச்சுத்திணறல், புண், மனவேதனை ஆகியவற்றைக் குறைத்து, எஞ்சிய நாட்களை இயன்றவரை நல்லபடியாகக் கழிக்க உதவும் மருத்துவத் துறை ‘பாலியேட்டிவ் கேர்’ எனப்படுகிறது. தமிழில் ‘நோய்த்தணிப்புச் சிகிச்சை’, ‘ஆதரவு சிகிச்சை’ என்று எழுதுகிறார்கள். மலையாளத்தில் ‘சாந்த்வன பரிசரணம்’ என்ற சொல் இருந்தாலும், கேரளத்து வீடுகளில் ‘பாலியேட்டிவ்’ என்பதே புழங்குகிறது.

பின்னணி

இத்துறையின் நவீன வடிவத்துக்கு வித்திட்டவர் சிசிலி சாண்டர்ஸ். அவர் 1967-இல் லண்டனில் செயின்ட் கிறிஸ்டோபர்ஸ் ஹாஸ்பிஸை (தீராத நோயாளிகளுக்கான பராமரிப்பு இல்லம்) திறந்தார். 1986-இல் உலக சுகாதார நிறுவனம் புற்றுநோய் வலிக்கு மூன்று படிகள் கொண்ட மருந்து முறையை வெளியிட்டது. சாதாரண வலி மாத்திரையில் தொடங்கும் அந்த ஏணியின் உச்சிப்படியில் வாய்வழி மார்ஃபின் இருந்தது. அதே ஆண்டு மும்பையில் சாந்தி ஆவேதனா சதன் என்ற ஹாஸ்பிஸ் தொடங்கப்பட்டது.

ஆனால் மார்ஃபின் கிடைப்பதுதான் இந்தியாவில் அரிதாகிக்கொண்டிருந்தது. 1985-ஆம் ஆண்டின் போதைப்பொருள் சட்டம், கடத்தல்காரர்களை மனத்தில் வைத்து எழுதப்பட்டது. குறைந்தது பத்தாண்டுச் சிறை என்ற அதன் தண்டனைப் பிரிவு மருந்தாளுநர்களையும் மருத்துவமனைகளையும் அச்சுறுத்தியது. ஒரு மருத்துவமனை மார்ஃபின் வைத்திருக்க வெவ்வேறு அலுவலகங்களிலிருந்து நான்கைந்து உரிமங்கள் வாங்க வேண்டியிருந்தது. கடைசி உரிமம் கைக்கு வருவதற்குள் முதல் உரிமம் காலாவதியாகிவிடும். மார்ஃபினின் மூலப்பொருளாக மத்தியப் பிரதேசத்திலும் ராஜஸ்தானிலும் விளைந்த அபின் வெளிநாட்டு மருந்து ஆலைகளுக்குப் போய்க்கொண்டிருக்க, நாட்டுக்குள் மார்ஃபின் பயன்பாடு 1985-க்கும் 1997-க்கும் இடையில் 90 விழுக்காட்டுக்கும் மேல் சரிந்தது.

கோழிக்கோட்டில் தொடக்கம்

கோழிக்கோடு மருத்துவக் கல்லூரியில் மயக்கவியல் துறைத் தலைவராக இருந்தவர் எம்.ஆர். ராஜகோபால். நாக்குப் புற்றுநோயால் துடித்த கல்லூரி ஆசிரியர் ஒருவருக்கு நரம்பில் ஊசி போட்டு வலியை அடக்கியதையும், இனி வரத் தேவையில்லை என்று சொல்லி அனுப்பியதையும் அவர் பல இடங்களில் பகிர்ந்திருக்கிறார். தன் நோய்க்குத் தீர்வில்லை என்பதை அந்த மனிதர் அப்போதுதான் அறிந்துகொண்டார். அன்றிரவே அவர் உயிரை மாய்த்துக்கொண்டார். நரம்பைப் பார்த்த தான் மனிதரைப் பார்க்கத் தவறியதாக ராஜகோபால் உணர்ந்தார்.

1993-இல் அவரும் சக மயக்கவியல் மருத்துவர் சுரேஷ்குமாரும், மருத்துவரல்லாத தன்னார்வலர் அசோக்குமாரும் சேர்ந்து வலி மற்றும் நோய்த்தணிப்புச் சங்கத்தைத் தொடங்கினர். நிறுவனர் மூவரில் ஒருவர் மருத்துவத்துக்கு வெளியிலிருந்து வந்தவர் என்பது பின்னாளைய போக்குக்கு முன்னறிகுறி. சங்கம் மருத்துவக் கல்லூரி வளாகத்திலேயே புறநோயாளர் பிரிவை நடத்தியது. தன்னார்வலர்கள் நோயாளிகளை வரவேற்று, உட்காரவைத்து, அவர்கள் சொல்வதைக் கேட்டனர், மருத்துவர்கள் மருந்தெழுதினர். ஆக்ஸ்ஃபோர்டைச் சேர்ந்த ராபர்ட் ட்வைகிராஸ் போன்றோர் பயிற்சியளித்தனர். உலக சுகாதார நிறுவனம் இதை முன்மாதிரித் திட்டமாக ஏற்றது.

இந்த ஏற்பாட்டின் குறை விரைவிலேயே தெரிந்தது. நடமாட முடிந்தவர்களும், வண்டிக்குக் காசிருந்தவர்களும் வந்தார்கள். படுக்கையிலிருந்து எழ முடியாதவர் எப்படி வருவார்?

மார்ஃபினுக்கான வாதாட்டம்

வீட்டுக்கு மார்ஃபின் கொடுத்தனுப்பினால் அது போதைச் சந்தைக்குப் போய்விடும் என்பதே அதிகாரிகளின் அச்சம். கோழிக்கோட்டுக் குழு கணக்கோடு பதில் சொன்னது. இரண்டாண்டுகளில் வாய்வழி மார்ஃபினை வீட்டுக்கு எடுத்துச்சென்ற 1,723 நோயாளிகளை ஆராய்ந்ததில், மருந்து தவறான கைக்குப் போனதாக ஒரு நிகழ்வும் தென்படவில்லை. 2001-இல் இந்த ஆய்வு ‘லான்செட்’ இதழில் வெளியானது. அதற்கு முன்பே, 1998-இல், விதிகளைத் தளர்த்துமாறு மத்திய அரசு மாநிலங்களுக்கு எழுதியிருந்தது; முதலில் செவிசாய்த்த மாநிலங்களுள் கேரளம் ஒன்று. பல மாநிலங்கள் அசையாததால் இந்திய நோய்த்தணிப்புச் சிகிச்சைச் சங்கம் 2007-இல் உச்ச நீதிமன்றத்தில் பொதுநல வழக்குத் தொடுத்தது. 2014 பிப்ரவரியில் நாடாளுமன்றம் அந்தப் போதைப்பொருள் சட்டத்தைத் திருத்தி, மார்ஃபின் உள்ளிட்ட இன்றியமையாத மருந்துகளுக்கு நாடு முழுவதும் ஒரே சீரான விதியைக் கொண்டுவந்தது. 2003-இல் திருவனந்தபுரத்தில் பாலியம் இந்தியா அமைப்பைத் தொடங்கிய ராஜகோபால் இந்த வாதாட்டத்தின் முன்னணியில் நின்றார். 2018-இல் அவருக்குப் பத்மஸ்ரீ வழங்கப்பட்டது.

ஊர் கையில் எடுத்தது

1996 முதல் மஞ்சேரி உள்ளிட்ட மலப்புறம் ஊர்களில் உள்ளூர் மருத்துவ மையங்கள் தோன்றின. தீராத நோய் என்பது மருத்துவக் கூறு கொண்ட சமூகப் பிரச்சினை; ஆகவே முடிவெடுக்கும் உரிமை சமூகத்திடமே இருக்க வேண்டும் என்று சுரேஷ்குமாரும் அவருடன் இருந்தவர்களும் வாதிட்டனர். இந்தச் சிந்தனையிலிருந்து, நூற்றாண்டுத் திருப்பத்தில், நான்கு தன்னார்வ அமைப்புகளின் கூட்டாக ‘அண்டையயல் நோய்த்தணிப்பு வலையமைப்பு’ பிறந்தது.

விதிகள் எளியவை. வாரத்துக்குக் குறைந்தது இரண்டு மணி நேரம் ஒதுக்க முடிந்த எவரும் சேரலாம். 16 மணி நேர வகுப்பும், நோயாளிகளோடு நான்கு நாள் களப்பயிற்சியும் உண்டு. பேசுவதற்குமுன் கேட்பது எப்படி, படுக்கைப் புண் வராமல் புரட்டிப் படுக்கவைப்பது எப்படி, என்ன சொல்லக் கூடாது என்பவை பாடங்கள். பயிற்சி முடித்தவர்கள் தங்கள் பகுதியில் யார் யார் படுக்கையில் இருக்கிறார்கள் என்று கண்டறிந்து, குழு அமைத்து, மருத்துவரையும் செவிலியரையும் வேலைக்கு அமர்த்தினர். மருத்துவர் அமைத்த குழுவில் மக்கள் சேர்ந்த நிலை மாறி, மக்கள் அமைத்த குழுவில் மருத்துவர் பணியாற்றினார்.

பணமும் ஊரிலேயே திரண்டது. கடைகளில் உண்டியல் வைத்தார்கள். ஒரு ரூபாயும் நன்கொடைதான். மாணவர்களும் பேருந்துத் தொழிலாளர்களும் வசூல் செய்தார்கள். 1991-இல் மாநிலத்தை முழு எழுத்தறிவுக்குக் கொண்டுவந்த இயக்கமும், உள்ளாட்சித் திட்டங்களை மக்களே வகுக்க 1996-இல் தொடங்கிய மக்கள் திட்ட இயக்கமும், கூட்டம் கூட்டி வேலை பிரித்துச் செய்யும் பழக்கத்தை ஏற்கெனவே வளர்த்திருந்தன. 2000களின் நடுப்பகுதிக்குள் 60-க்கும் மேற்பட்ட கிளைகள், ஏறத்தாழ 1 கோடியே 20 லட்சம் மக்கள் வாழும் பரப்பை எட்டின.

வீட்டு வருகை

இயக்கத்தின் அச்சாணி வீட்டு வருகை. காலையில் ஒரு ஜீப்பிலோ ஆட்டோவிலோ செவிலியரும் ஓரிரு தன்னார்வலரும் கிளம்புகிறார்கள். செவிலியர் புண்ணைக் கழுவிக் கட்டுகிறார், சிறுநீர்க் குழாயை மாற்றுகிறார், நான்கு மணிக்கொருமுறை எடுக்க வேண்டிய மார்ஃபின் மாத்திரையை எண்ணிப்பார்க்கிறார். அந்நேரத்தில் தன்னார்வலரின் கண் வேறு இடங்களில் இருக்கும்: அடுப்பு எரிகிறதா, பிள்ளை பள்ளிக்குப் போகிறதா, இரவெல்லாம் விழித்த மனைவிக்கு மாற்றாள் உண்டா. அரிசி, காற்று மெத்தை, பள்ளிச் செலவு என்று அடுத்த வாரம் வந்து சேர்வதை முடிவு செய்வது இந்தப் பார்வைதான். முதுகுத்தண்டு அடிபட்டு இடுப்புக்குக் கீழே செயலிழந்தவர்களுக்குக் குடை தைப்பது போன்ற கைத்தொழில்களையும் கிளைகள் கற்றுத்தந்தன.

ஊராட்சியும் அரசும்

2007-இல் மலப்புறம் மாவட்ட ஊராட்சி ‘பரிரக்ஷா’ என்ற வீட்டுப் பராமரிப்புத் திட்டத்தைத் தொடங்கியது. 2008 ஏப்ரலில் கேரள அரசு, இந்திய மாநிலங்களிலேயே முதலாவதாக, நோய்த்தணிப்புச் சிகிச்சைக்கெனத் தனிக் கொள்கை அறிவித்தது. இச்சேவை ஆரம்ப சுகாதாரத்தின் பகுதி, மக்கள் பங்கேற்போடு நடக்க வேண்டியது என்பது அதன் சாரம். தொடர்ந்து கிராம ஊராட்சிகளும் நகராட்சிகளும் தங்கள் திட்ட நிதியிலிருந்து பாலியேட்டிவ் செவிலியர்களை அமர்த்தின. ஆயிரத்துக்கும் மேற்பட்ட உள்ளாட்சிகள் இதன்கீழ் வந்தன. முதல் நிலையில் ஊராட்சியின் வீட்டு வருகை, இரண்டாம் நிலையில் வட்ட மருத்துவமனை, அதற்கு மேல் பெரிய மருத்துவமனைகளும் பயிற்சி மையங்களும் என்பது இன்றைய அமைப்பு. 2019-இல் கொள்கை திருத்தப்பட்டது. ஜனவரி 15 மாநிலத்தில் பாலியேட்டிவ் நாளாகக் கடைப்பிடிக்கப்படுகிறது.

விமர்சனங்கள்

அரசு வந்ததால் பரப்பு கூடியது, ஆழம் குறைந்தது என்பது முதன்மையான விமர்சனம். ஊராட்சிச் செவிலியர் ஒருவரே பல நூறு வீடுகளைக் கவனிக்க நேர்வதால், மாதம் ஒருமுறை எட்டிப்பார்ப்பதே சில இடங்களில் பராமரிப்பு ஆகிவிடுகிறது. ஒரே நோயாளி வீட்டுக்கு ஊராட்சிக் குழுவும், தொண்டுக் குழுவும், கட்சி சார்ந்த குழுவும் தனித்தனியே வருவதும், பக்கத்து ஊரில் ஒருவரும் போகாததும் உண்டு. வடக்கு மாவட்டங்களின் துடிப்பு எல்லா இடத்திலும் இல்லை. முதியோர் எண்ணிக்கை பெருகப் பெருக, வலி தணிப்புக்காகத் தொடங்கிய அமைப்பு, முதுமைப் பராமரிப்பின் முழுச் சுமையையும் தாங்க வேண்டியதாயிற்று.

தாக்கம்

2010-இல் வெளியான ‘மரணத்தின் தரம்’ குறித்த பன்னாட்டுத் தரவரிசையில் 40 நாடுகளுள் இந்தியா கடைசியில் நின்றது. நாட்டின் மக்கள்தொகையில் 3 விழுக்காடே கொண்ட கேரளம், நாட்டின் நோய்த்தணிப்புச் சேவைகளில் மூன்றில் இரண்டு பங்கை வழங்குவதாக அதே அறிக்கை விதிவிலக்காகக் காட்டியது. கோழிக்கோட்டிலுள்ள நோய்த்தணிப்பு மருத்துவ நிறுவனம், மக்கள் பங்கேற்புக்கான உலக சுகாதார நிறுவனக் கூட்டு மையமாக அறிவிக்கப்பட்டது. மரணத்தின் மதிப்பு குறித்து 2022-இல் வெளியான லான்செட் ஆணைய அறிக்கை கேரளத்தை விரிவாக எடுத்துக்காட்டியது.

பிற மாநிலங்களும் நாடுகளும் இதிலிருந்து எடுத்துக்கொள்ள எளிதானவை செவிலியர் பணியிடம், மருந்துப் பட்டியல், பயிற்சிப் பாடத்திட்டம் ஆகியவை. இவற்றை அரசாணையால் உருவாக்கிவிடலாம். வாரத்தில் இரண்டு மணி நேரம் பக்கத்து வீட்டுக்காரருக்காக ஒதுக்குபவர்களை ஒவ்வொரு ஊரும் தானே தேடிக்கொள்ள வேண்டியிருக்கிறது. மலப்புறத்துக் கிளைகளும் தொடங்கும்போது முதலில் தேடியது அவர்களைத்தான். மருத்துவரையும் செவிலியரையும் அமர்த்தியது அதற்குப் பிறகுதான்.